தொலைவின் விலை: மும்பைத் தமிழரும் தொலைத்தொடர்பு, மின்வணிக ஒழுங்குமுறைகளும்

முன்னுரை

பிரிவைப் பாடுபொருளாகக் கொண்ட தமிழ் அகமரபு, பிரிவுக்கான காரணங்களையும் வகைப்படுத்தியுள்ளது. ஓதல், பகை, தூது ஆகியவற்றோடு பொருள்வயிற் பிரிவும் அவற்றுள் ஒன்றாகும். பொருள் தேடிச் சென்றவனுக்கும் இல்லத்தில் இருப்பவளுக்கும் இடைப்பட்ட வழி பாலையாக உருவகம் பெற்றது. பிற்காலத்தில் தூது என்பது தனிச் சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. கிளியும் அன்னமும் மேகமும் நெஞ்சும் தூது சென்றன. அத்தூதுகளுக்குக் கட்டணம் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பொருள்வயிற் பிரிந்து மும்பைக்குச் சென்ற தமிழர் ஊருக்கு அனுப்பிய ஒவ்வொரு சொல்லுக்கும் விலை இருந்தது. அந்த விலையை நிர்ணயித்தது அரசு.

தொலைத்தொடர்புச் சட்டங்களையும் கட்டண ஆணைகளையும் பொருளியலாரும் சட்டவியலாரும் ஆராய்ந்துள்ளனர். அவை ஒரு மொழிக்குழுவின் அன்றாட வாழ்வைத் தொட்ட விதம் போதிய கவனம் பெறவில்லை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரைக் களமாகக் கொண்டு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் முதல் அண்மைக்கால மின்வணிக விதிகள் வரையிலான ஒழுங்குமுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விதிகள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவரையே அளவுகோலாகக் கொண்டன என்பதும், ஈரிடத்தில் வாழ்பவர் அதற்கான விலையைத் தொடர்ந்து செலுத்தி வந்தனர் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

களமும் மக்களும்

மும்பைத் தமிழரை ஒரே படித்தான சமூகமாகக் கருத இயலாது. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்புடைய தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழர் குடியேறினர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற ஆதிதிராவிட மக்களும், தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழ் முசுலிம்களும் இவர்களுள் முதன்மையானோர். தோல் பதனிடுதலைத் தொடர்ந்து தோல் பொருள்கள், ஆயத்த ஆடைகள், சிற்றுண்டித் தயாரிப்பு எனப் பல சிறுதொழில்கள் அங்கு வேரூன்றின.

மாட்டுங்காவின் நிலை வேறானது. இரயில்வே, அரசு அலுவலகங்கள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றில் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்றச் சென்ற படித்த நடுத்தர வகுப்பினர் அங்குக் குடியமர்ந்தனர். 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இச்சமூகத்தின் கல்வி நாட்டத்திற்குச் சான்றாகும். செம்பூர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மாட்டுங்காவிலிருந்து பெயர்ந்த நடுத்தரக் குடும்பங்கள் ஒருபுறமும், 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டு அருகிலுள்ள சீத்தா முகாமில் குடியேற்றப்பட்ட உழைக்கும் மக்கள் மறுபுறமும் அப்பகுதியின் தமிழ் முகங்களாவர். தொலைபேசி இம்மூன்று பகுதிகளுக்கும் ஒரே காலத்தில், ஒரே வடிவில் வந்து சேரவில்லை. இவ்வேறுபாடே பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாக அமைகிறது.

1885ஆம் ஆண்டுச் சட்டமும் அரசின் தனியுரிமையும்

இந்தியாவில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் தனியார் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றன. மூன்றாண்டுகள் கழித்து இயற்றப்பட்ட இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைப்பதிலும் நடத்துவதிலும் அரசுக்கே தனியுரிமை உண்டெனத் தன் நான்காம் பிரிவில் வரையறுத்தது. பிறர் அரசின் உரிமம் பெற்றே அதனை நடத்த இயலும். குடியேற்ற ஆட்சியின் பாதுகாப்பையும் நிருவாகத்தையும் முன்னிறுத்தி எழுந்த இச்சட்டம், விடுதலைக்குப் பின்னும் பல திருத்தங்களுடன் நீடித்தது. 2023இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமே அதன் இடத்தைப் பெற்றது. அதன் சில பிரிவுகள் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தன.

தனியுரிமையின் முதல் விளைவு பற்றாக்குறையாகும். தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பெருந்தொகையை முன்வைப்பாகச் செலுத்தியோர்க்கு முன்னுரிமை தரும் திட்டமும் இருந்தது. நிலையான ஊதியமும் முகவரியும் உடைய மாட்டுங்காக் குடும்பங்கள் இவ்வரிசையில் நிற்க முடிந்தது. தாராவியின் ஒற்றை அறைகளில் வாழ்ந்தோர்க்கு அவ்வரிசையே எட்டாததாக இருந்தது. அவர்களுக்கு அஞ்சலட்டையும் பணவிடையும் அவசர நேரத்தில் தந்தியுமே துணை. தந்தி வந்தது என்றாலே சாவுச் செய்தி என்று அஞ்சும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவியது. அத்தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது.

தொலைபேசி உடையோரும் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருந்தது. விரைவாக இணைப்புப் பெற விரும்பினால் பன்மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் வசதி, அஃதாவது எஸ்.டி.டி., முதன்முதலாக அறிமுகமானது. எனினும் அது சாதாரண மக்களை எட்ட மேலும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

எஸ்.டி.டி. கடைகளும் இரவு நேரத் தமிழும்

1984இல் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம் (சி-டாட்) நிறுவப்பட்டது. 1985இல் அஞ்சல் துறையிலிருந்து தொலைத்தொடர்புத் துறை பிரிக்கப்பட்டது. 1986 ஏப்ரல் முதல் நாள் தில்லி, பம்பாய் நகரங்களின் தொலைபேசிச் சேவைக்கென மகாநகர் தொலைபேசி நிறுவனம் (எம்.டி.என்.எல்.) தோற்றுவிக்கப்பட்டது. இம்மாற்றங்களின் பயனாக வீதிதோறும் எஸ்.டி.டி. கடைகள் தோன்றின. கண்ணாடிக் கூண்டு, ஓடும் எண்களைக் காட்டும் மீட்டர், அச்சாகி வரும் ரசீது ஆகியவை அக்கடைகளின் அடையாளங்களாயின. உரிமம் வழங்குவதில் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் முதலியோர்க்கு முன்னுரிமை தரப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இவ்வகைப் பொதுத் தொலைபேசிகளின் எண்ணிக்கை 2000களில் நாடு முழுவதும் 20 இலட்சத்தைக் கடந்தது.

இக்கடைகளின் வழியாகவே தாராவித் தொழிலாளி முதன்முதலாகத் தன் ஊரின் குரலைக் கேட்டார் எனலாம். அழைப்புக்கு இரு முனைகளிலும் இடையாள் தேவைப்பட்டார். மும்பைக் கடையிலிருந்து 0462 எனத் திருநெல்வேலிக் குறியீட்டு எண்ணுடன் ஊர்க் கடையையோ, தொலைபேசி உள்ள அண்டை வீட்டையோ அழைப்பர். இன்னாரைக் கூப்பிடுங்கள், பத்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிடுவர். ஊரில் ஒரு சிறுவன் ஓடிச்சென்று அம்மாவை அழைத்து வருவான். அண்டை வீட்டு எண்ணைத் தம் தொடர்பு எண்ணாகக் குறித்து, அதன் பக்கத்தில் பி.பி. என்று எழுதும் வழக்கம் இக்காலத்திற்கே உரியது. திருமண அழைப்பிதழ்களிலும் முகவரி அட்டைகளிலும் இவ்வெழுத்துகள் இடம்பெற்றன.

கட்டணம் இரு கூறுகளைப் பொறுத்தது. ஒன்று தொலைவு, மற்றொன்று பொழுது. நேர்கோட்டுத் தொலைவு மிகுதியாக மிகுதியாக நிமிடத்திற்கான கட்டணமும் உயர்ந்தது. மும்பையிலிருந்து திருநெல்வேலி 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளமையால் மிக உயர்ந்த கட்டண அடுக்கில் இடம்பெற்றது. 1999க்கு முன் இவ்வடுக்கில் பகல் நேரக் கட்டணம் நிமிடத்திற்கு 30 ரூபாயையும் தாண்டியிருந்தது. மாலையில் பாதிக் கட்டணம், இரவு முதிர்ந்தபின் கால் பங்குக் கட்டணம் என்ற சலுகை இருந்தது. எனவே குடும்பச் செய்திகள் பெரும்பாலும் இரவிலேயே பேசப்பட்டன. சிறுபொழுதுகளைக் கட்டண அட்டவணை தீர்மானித்த காலம் அது.

மாறுகுறை நிதியீட்டமும் மறைந்துபோன மனிதரும்

இங்கு ஒரு பொருளியல் நுட்பத்தை விளக்குவது இன்றியமையாதது. அரசு நிறுவனங்கள் உள்ளூர் அழைப்பையும் மாத வாடகையையும் அடக்க விலைக்குக் குறைவாக வைத்திருந்தன. அதனால் ஏற்பட்ட இழப்பை வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளின் மிகை வருவாயால் ஈடுசெய்தன. உள்ளூர் அழைப்பு சாதாரண மக்களுக்குரியது, வெளியூர் அழைப்பு வணிகர்க்கும் செல்வர்க்கும் உரியது என்ற எண்ணமே இம்முறைக்கு நியாயமாக அமைந்தது. வசதியுடையவரிடம் பெற்று வசதியற்றவர்க்கு அளிப்பதாக அது தோற்றம் தந்தது.

மும்பைத் தமிழரின் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும்போது இக்கணக்கு தலைகீழாகிறது. சொந்தத் தொலைபேசி வைத்திருந்த குடும்பம் குறைந்த வாடகையையும் மலிவான உள்ளூர் அழைப்பையும் நுகர்ந்தது. தாராவியில் தோல் பையைத் தைத்தவரிடம் தொலைபேசி இல்லை. அவருக்கு உள்ளூரில் அழைக்க வேண்டியவர் எவரும் பெரும்பாலும் இல்லை. அவர் பேச வேண்டியிருந்த ஒரே அழைப்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தாய்க்கோ மனைவிக்கோ உரியது. நாட்டிலேயே உயர்ந்த கட்டண அடுக்கை அவர் செலுத்தினார். அவர் செலுத்திய மிகையே நிலைத்து வாழ்ந்தோரின் உள்ளூர் உரையாடலைத் தாங்கிய நிதியின் ஒரு பகுதியாயிற்று. ஏழைக்குச் சலுகை என்று வகுத்தவர்களின் மனத்தில் இருந்த ஏழை தன் ஊரிலேயே வாழ்பவர். ஊர்விட்டுச் சென்ற ஏழை அக்கணக்கில் இடம்பெறவில்லை.

ஒழுங்குமுறை ஆணையத்தின் தோற்றம்

1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழிதிறந்தது. 1995இல் செல்பேசிச் சேவை அறிமுகமானது. தொடக்கத்தில் அழைப்புக்கு நிமிடத்திற்கு 16 ரூபாய் அளவில் கட்டணம் இருந்ததோடு, உள்வரும் அழைப்புக்கும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே அது நெடுநாள் செல்வரின் கருவியாகவே இருந்தது.

1997 பிப்ரவரி 15ஆம் நாள் உலக வணிக அமைப்பின் கீழ் 69 அரசுகள் அடிப்படைத் தொலைத்தொடர்பு உடன்பாட்டை எட்டின. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. சேவை நடத்துநரிடமிருந்து விலகிய ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்பது அவ்வுடன்பாட்டையொட்டிப் பரவிய நெறிகளுள் தலையாயது. அதே மாதம் 20ஆம் நாள் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) நிறுவப்பட்டது. இதே காலப்பகுதியில் ஆப்பிரிக்காவின் சிறு நாடுகளும் இத்தகைய அமைப்புகளை உருவாக்கின. தமிழர் வாழ்வதும், பணத்தாள்களில் தமிழ் எழுத்து இடம்பெறுவதுமான மொரீசியசு இதற்குத் தக்க சான்றாகும். அங்கு 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தகவல், தொடர்புத் தொழில்நுட்ப ஆணையம் தோன்றியது. 2002இல் இயங்கத் தொடங்கிய சேஃப் என்னும் கடலடி வடம் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீசியசு வழியாகக் கொச்சியைத் தொட்டு மலேசியாவை அடைகிறது. சிறிய தீவான மொரீசியசுக்குத் தொலைவு என்பது கடல் கடந்ததாகவே அமைந்தது. இந்தியாவிலோ நாட்டின் எல்லைக்குள்ளேயே தொலைவு விலையாக நின்றது. ஒழுங்குமுறையின் வடிவம் பொதுவாயினும் அது தீர்க்க வேண்டிய சிக்கல் நாட்டுக்கு நாடு வேறுபட்டது என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

ஆணையத்தின் 1999ஆம் ஆண்டுக் கட்டண ஆணை மேற்குறித்த மாறுகுறை நிதியீட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது. வெளியூர்க் கட்டணம் தாழ்ந்தது, மாத வாடகை உயர்ந்தது. 2000 ஆகஸ்டில் உள்நாட்டு நெடுந்தொலைவுச் சேவை போட்டிக்குத் திறக்கப்பட்டது. 2003 மே முதல் அழைப்பவரே செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து, உள்வரும் செல்பேசி அழைப்பு இலவசமாயிற்று. 2006 மார்ச்சில் அரசு நிறுவனங்கள் நாட்டின் எப்பகுதிக்கும் நிமிடத்திற்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தை அறிவித்தன. ஏழாண்டுகளில் 30 ரூபாய் ஒரு ரூபாயாகக் குறைந்தது. தாராவிக்கும் தாமிரவருணிக் கரைக்கும் இடையிலான தொலைவு, விலை என்ற அளவில் ஏறத்தாழ மறைந்தது எனலாம்.

இம்மாற்றத்தின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. தொலைவின் விலையில் ஒரு பங்கைத் தரகாகப் பெற்றே எஸ்.டி.டி. கடைகள் வாழ்ந்தன. விலை மறைந்ததும் கடைகளும் மறைந்தன. சில கடைகள் செல்பேசி ரீசார்ஜ், ஒளிப்படி, இரயில் முன்பதிவு என மாறின. பல மூடப்பட்டன. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் சேவை வழங்குநர், நுகர்வோர் ஆகிய இரு தரப்பினரின் நலனைக் காப்பதைத் தன் நோக்கமாக வெளிப்படையாகக் கூறுகிறது. கடைக்காரர் இவ்விரண்டிலும் அடங்காதவர். கட்டணக் குறைப்பு நியாயமானதே. ஆயினும் அரசே முன்னுரிமை தந்து உருவாக்கிய ஒரு பிழைப்பு, அரசின் கட்டணக் குறைப்பாலேயே நலிந்தபோது, அதற்கெனப் பேச அச்சட்டத்தில் இடமில்லாமற்போயிற்று.

வட்டங்கள் என்னும் புதிய எல்லைகள்

தொலைவு மறைந்தபின்னும் எல்லைகள் மறையவில்லை. செல்பேசி உரிமங்கள் தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து வழங்கப்பட்டிருந்தன. மும்பை தனி வட்டம், தமிழ்நாடு மற்றொரு வட்டம். கோயில் கொடைக்கோ பொங்கலுக்கோ ஊர் சென்ற செம்பூர்க் குடும்பத்தின் மும்பைச் செல்பேசிக்கு, வட்டத்தைக் கடந்ததும் உள்வரும் அழைப்பிலும் ரோமிங் கட்டணம் விழுந்தது. ஊரில் ஒரு சிம், மும்பையில் ஒரு சிம் என இரண்டு வைத்துக்கொள்வது இதற்கு மக்கள் கண்ட தீர்வாகும்.

ரோமிங் கட்டண உச்சவரம்புகளை ஆணையம் 2007, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் குறைத்தது. 2011இல் நடைமுறைக்கு வந்த எண் மாற்றா வசதி, ஒரே வட்டத்திற்குள் நிறுவனம் மாறுவோர்க்கே பயன்பட்டது. மும்பையை விட்டு ஊர் திரும்புபவர் தம் எண்ணைத் தக்கவைக்க 2015 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நிறுவனம் மாறுபவரின் தேவை முதலிலும், ஊர் மாறுபவரின் தேவை நான்காண்டுகள் கழித்தும் நிறைவேறியமை இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுச்சேர்க்கிறது.

மின்வணிகமும் மீண்டெழும் தொலைவும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களிலும் புறப்பட்ட பண்டங்களிலும் அரசன் ஆளர் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சுங்கத்தைக் குறிக்கும் உல்கு என்னும் சொல்லைத் திருக்குறளும் ஆள்கிறது. வணிகம் கடக்கும் வாயிலில் அரசு நிற்பது பழைய வழக்கம். மின்வணிகத்தில் அவ்வாயில் எங்கே என்பதே இன்றைய வினா. உலக அளவில் மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்று 1998 முதல் நாடுகள் அவ்வப்போது ஒப்பி வந்தன. 2024இல் அபுதாபியில் நடந்த அமைச்சர் மாநாட்டிலும் அத்தடை குறித்த காலத்திற்கு நீட்டிக்கப்பட்டது. இத்தடை நிலைபெறுவதை இந்தியா தொடர்ந்து எதிர்த்து வந்துள்ளது.

உள்நாட்டில் தாராவியின் சிறு உற்பத்தியாளர் சந்தித்த வாயில் சரக்கு மற்றும் சேவை வரியாகும். 2017 ஜூலையில் இவ்வரி நடைமுறைக்கு வந்தபோது, குறிப்பிட்ட விற்றுமுதலுக்கு உட்பட்ட சிறு வணிகர்க்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சரக்கு விற்போர்க்கு அவ்வரம்பு 20 இலட்சம் ரூபாயாக இருந்து, 2019 ஏப்ரல் முதல் மகாராட்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் 40 இலட்சமாயிற்று. ஆனால் இணையத் தளங்களின் வழியாகச் சரக்கு விற்பவர்க்கு இவ்விலக்கு இல்லை. கடையில் ஆயத்த ஆடை விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே ஆடையை அதே நகரில் இணையத் தளத்தில் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். மேலும், 2018 அக்டோபர் முதல் விற்பனை மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கை வரியாகத் தளமே பிடித்துச் செலுத்தும் முறை வந்தது. இது 2024 ஜூலையில் அரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

2023 அக்டோபர் முதல் நாள் பதிவுக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. ஆனால் இத்தளர்வு ஒரே மாநிலத்திற்குள் விற்போர்க்கு மட்டுமே உரியது. சில கைவினைப் பொருள்களுக்குத் தனி விலக்கு உண்டு. ஏனைய சிறு விற்பனையாளர் மாநில எல்லையைக் கடந்து சரக்கு விற்க வேண்டுமானால் பதிவு தேவை. தாராவியில் தைத்த சட்டையைத் தானேவுக்கு விற்பவர் ஒருவகை, திருநெல்வேலிக்கு விற்பவர் மற்றொரு வகை. பேச்சுக்கு மறைந்த தொலைவு பண்டத்திற்கு நின்றது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் நுகர்வோர் பாதுகாப்பை மையமாகக் கொண்டவையே. எஸ்.டி.டி. கடைக்காரரைப் போலவே, தளத்திற்கும் நுகர்வோர்க்கும் இடையே நிற்கும் சிறு விற்பனையாளரும் சட்டத்தின் ஓரத்திலேயே நிற்கிறார்.

இதனால் மாநில எல்லையில் வரி நெறி வேண்டாம் என்பது பொருளன்று. வரி ஏய்ப்பைத் தடுக்கப் பதிவு பயன்படும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் உறவும் வாடிக்கையும் இரு மாநிலங்களில் பரவியுள்ள ஒரு சமூகத்திற்கு மாநில எல்லை வணிகத்தின் இயல்பான எல்லை அன்று என்பதை விதி வகுப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மும்பைத் தமிழரின் தொலைத்தொடர்பு வரலாறு கருவிகளின் வளர்ச்சியால் மட்டும் அமைந்ததன்று. கட்டண ஆணைகளும் உரிம எல்லைகளும் அதனைப் பெரிதும் வடிவமைத்தன.

2. மாறுகுறை நிதியீட்டம் ஏழைக்குரிய சலுகையாக எண்ணப்பட்டாலும், ஊர்விட்டுச் சென்ற ஏழைக்கு அது சுமையாகவே அமைந்தது. மாட்டுங்காவையும் தாராவியையும் ஒப்பிடும்போது இவ்வுண்மை புலனாகிறது.

3. கட்டணம், வட்டம், வரிப்பதிவு ஆகிய மூன்று ஒழுங்குமுறைகளும் ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவரையே இயல்பான குடிமகனாகக் கொண்டன. ஈரிடத்து வாழ்வுக்கான திருத்தங்கள் காலந்தாழ்ந்தே வந்தன.

4. எஸ்.டி.டி. கடைக்காரர், இணையவழிச் சிறு விற்பனையாளர் போன்ற இடைநிலையாளர்க்குச் சட்டங்களில் உரிய இடம் அமையவில்லை.

பொருள்வயிற் பிரிந்தோரின் துயரைத் தமிழ் அகமரபு நன்கறியும். பிரிவுக்குக் கட்டண அட்டவணை எழுதிய அரசாணைகளையும் அத்துயரின் வரலாற்று ஆவணங்களாகக் கொண்டு ஆராயும்போது, புலம்பெயர் வாழ்வு குறித்த தமிழாய்வு மேலும் விரிவடையும்.